வளாகமா, தனிப் பள்ளியா? சீனம் படிக்கப் புறப்படும் கொழும்புப் பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் மதில்களையும் மின்கம்பங்களையும் பார்த்தாலே போதும், இந்த ஊர்ப் பிள்ளைகளின் கண் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஐ.ஈ.எல்.டி.எஸ். வகுப்பு விளம்பரம் என்றைக்கும் உண்டு. பிரெஞ்சும் ஜெர்மனும் மாமா, சித்தப்பா இருக்கும் நாடுகளுக்காக. ஜப்பானியமும் கொரியமும் வேலைக்காக. இந்த வரிசையில் பிந்தி வந்து சேர்ந்தது சீனம்.

பிந்தி வந்தாலும் குழப்பத்தோடு வந்திருக்கிறது. ஜெர்மன் படிக்கிற பிள்ளைக்கு வழி தெளிவு: கொழும்பிலேயே கதே நிறுவனம், படிப்படியாகப் பரீட்சை, பிறகு விசா. சீனம் படிக்க வெளிநாடு போகிற பிள்ளைக்கு முன்னால் இரண்டு வாசல்கள் திறந்து கிடக்கின்றன. ஒன்று, சீனப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவருக்கென்றே நடத்தும் மொழிப் பாடநெறி. செப்டெம்பரிலோ பெப்ரவரி, மார்ச்சிலோ தொடங்கும். அரையாண்டு அல்லது ஓராண்டு ஓடும். மற்றது, தனியார் நடத்தும் தீவிரப் பயிற்சிப் பள்ளி. ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர், நாளொன்றுக்கு நான்கு மணி முதல் ஆறு மணி நேரம். எந்தத் திங்கட்கிழமையும் சேரலாம், எத்தனை வாரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

எது நல்லது என்று கேட்பவர்கள் கொழும்பில் பெரும்பாலும் மூன்று வகை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் வெள்ளவத்தைப் பிள்ளையும் அதன் பெற்றோரும். ஆங்கில மொழிமூலம் மருத்துவம் படிக்கச் சீனா போகிற மாணவர்கள். புறக்கோட்டை இறக்குமதிக் கடையிலோ துறைமுகக் கிளியரிங் நிறுவனத்திலோ வேலை பார்க்கும் கொட்டாஞ்சேனை இளைஞர்கள். மூன்று பேருக்கும் தேவை வேறு. அதனால் பதிலும் வேறு. இதைச் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே பாடநெறியை விற்கிற இடைத்தரகர்களால்தான் காசும் காலமும் வீணாகின்றன.

துறைமுகத்துக்கு வந்த மொழி

இலங்கைக்கும் சீனாவுக்கும் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல. 1952 இல் இறப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டோம். 1973 இல் திறந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம் சீனாவின் அன்பளிப்பு. ஆனால் மொழி என்ற வகையில் சீனம் கொழும்பு இளைஞரின் கணக்குக்குள் வந்தது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். 2013 இல் துறைமுகத்தின் தென்பகுதியில் சீன நிறுவனம் நடத்தும் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. 2014 செப்டெம்பரில் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகர வேலை ஆரம்பமானது. 2018 இல் சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு இதையெல்லாம் பத்திரிகையில் படிக்க வேண்டியதில்லை. துறைமுகம் பக்கத்தில், புறக்கோட்டைக் கடைகளில் இறங்கும் பெட்டிகளில் பாதி எழுத்து சீனம்.

தமிழருக்கு இந்த எழுத்தோடு ஒரு மனக்கசப்பும் உண்டு. 2021 மே மாதம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்தன, தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு பலகை அகற்றப்பட்டது. ஆனால் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனர்களே தமிழை விட்டுவிடவில்லை. செங் ஹ என்ற கடற்படைத் தளபதி கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 1911 இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது.

உரிமை கேட்பது ஒரு பக்கம் நடக்கட்டும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த தமிழர் நாலு பேர் திணைக்களங்களிலும் கம்பனிகளிலும் இருப்பதும் தேவை. அதற்கு வழி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

வளாகத்துக் காலை

சீனப் பல்கலைக்கழக மொழி வகுப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். மதியம் வரை நான்கு பாடவேளை. வாரத்துக்கு இருபது மணிநேரம். வகுப்பில் பதினைந்து பேர் முதல் இருபத்தைந்து பேர் வரை: கொரியர், தாய்லாந்துக்காரர், கசாக்குகள், ஆபிரிக்கர், ஓரிரு ஐரோப்பியர், நம்மவர். முதல் நாள் தரப் பரீட்சை வைத்து வகுப்புப் பிரிப்பார்கள். பொதுப் பாடம், கேட்டல், பேசுதல், வாசித்தல் என்று தனித்தனி ஆசிரியர், தனித்தனிப் புத்தகம். ஆசிரியர் முதல் வாரத்திலிருந்தே சீனத்தில்தான் பேசுவார். ஒரு பாடத்துக்கு முப்பது, நாற்பது புதிய சொற்கள். மறுநாள் காலை சொல்லெழுதல். படிக்காமல் வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் 1962 இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிக்கும் பாடப்புத்தகங்களில் பல அங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு மாகாணத் தலைநகரிலும் இப்படி வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றாவது உண்டு.

இந்த முறையின் பலம் ஒழுங்கு. எழுத்து, இலக்கணம், வாசிப்பு எல்லாம் வரிசையாக ஏறும். பூச்சியத்தில் தொடங்கிய மாணவர் ஓராண்டு ஒழுங்காகப் படித்தால் எச்.எஸ்.கே. நான்காம் நிலையை எட்டலாம். எச்.எஸ்.கே. என்பது சீனத்துக்கான அரச தரப் பரீட்சை. பழைய அளவுகோலில் மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள், நான்காம் நிலைக்கு 1,200, ஐந்தாம் நிலைக்கு 2,500. 2021 இல் வெளியான புதிய தரவரிசை இதை ஒன்பது நிலைகளாக விரித்து, சொற்களைப் பதினோராயிரத்துக்கு மேல் கொண்டுபோயிருக்கிறது. சீன மொழிமூலம் பட்டப்படிப்புக்குச் சேர வழக்கமாகக் கேட்பது நான்காம் நிலை. மேற்படிப்புக்கும் கலைத்துறைகளுக்கும் ஐந்து.

பலவீனம் மதியத்துக்குப் பிறகு தெரியும். வகுப்பு முடிந்ததும் கொரியப் பிள்ளை கொரியப் பிள்ளையோடு போகும். நம் பிள்ளை இலங்கைக் கூட்டத்தோடு போகும். வெளிநாட்டு மாணவருக்கு விடுதியும் பெரும்பாலும் தனிக் கட்டடம். இருபது பேர் இருக்கிற வகுப்பில் ஐம்பது நிமிடப் பேச்சுப் பாடம் என்றால் ஒரு மாணவருக்கு வாய் திறக்கக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். ஓராண்டு முடிவில் கையில் நான்காம் நிலைச் சான்றிதழ் இருக்கும். சந்தையில் விலை பேசப் போனால் வாய் தடுமாறும். இப்படித் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

எதிரில் ஒரே ஓர் ஆசிரியர்

தனிப் பள்ளிகள் இந்தப் பலவீனத்தைத்தான் முதலாக்கியிருக்கின்றன. குன்மிங்கில் கீட்ஸ், யாங்ஷுவோவில் ஓமெய்டா, குயிலினில் சி.எல்.ஐ. போன்றவை வெளிநாட்டவரிடையே பெயர் பெற்றவை. பெரிய நகரங்களில் இன்னும் பல.

சின்ன அறை, ஒரு மேசை, வெண்பலகை. எதிரில் ஆசிரியர். ஐந்து நிமிடம் பேசியதிலேயே, சீனத்தின் நான்கு தொனிகளில் உங்கள் இரண்டாம் தொனி மூன்றாம் தொனியாக விழுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அதே சொல்லைப் பத்துத் தடவை சொல்ல வைப்பார். பின் வரிசையில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. நான்கு மணிநேரம் இப்படிப் போனால் தலை கனக்கும். ஆனால் நான்காவது வாரம் டாக்சிக்காரரோடு சண்டை பிடிக்க வாய் வரும். பாடத்தையும் உங்கள் தேவைக்கு வெட்டிக் கொடுப்பார்கள். துணி வியாபாரிக்குத் துணிச் சொற்கள், மருத்துவ மாணவருக்கு நோயாளியிடம் கேட்கும் கேள்விகள். வேண்டுமானால் சீனக் குடும்பத்தோடு தங்க ஏற்பாடும் செய்வார்கள்.

குறைகள் மூன்று. முதலாவது, ஆசிரியரின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். நல்லவர் கிடைத்தால் யோகம். இரண்டாவது, எழுத்தும் வாசிப்பும் பின்னுக்குப் போய்விடும். பேசத் தெரிந்தும் எழுத்தறியாதவராகத் திரும்பலாம். மூன்றாவது, முடிவில் தருகிற சான்றிதழுக்கு அந்தப் பள்ளியின் சுவருக்கு வெளியே மதிப்புக் குறைவு. கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எச்.எஸ்.கே. பெறுபேற்றைத் தனியாக எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இந்த இரு வழிகளும் நேற்று வந்தவையல்ல. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் படித்த சீனத் துறவி பாகியான், பாடலிபுத்திரத்தில் மூன்று ஆண்டு இருந்து சமஸ்கிருதம் கற்று, விநய நூல்களைத் தன் கையாலேயே பிரதி எடுத்தார். பிறகு இலங்கைக்கு வந்து அநுராதபுரத்தில் இரண்டு ஆண்டு தங்கினார். எந்தச் சான்றிதழும் அவருக்குத் தேவைப்படவில்லை, தேவைப்பட்டது நூல்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து வந்த யுவான் சுவாங் நாளந்தாவில் சேர்ந்து சீலபத்திரரிடம் முறையாகப் பயின்றார்; அந்தக் கல்விக்கூடத்தின் பெயர் அவர் போன இடமெல்லாம் கூடவே போனது. போகிற காரியம் எது என்பதை வைத்துத்தான் இருவரும் வழியைத் தேர்ந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு யுவான் நாற்பது ரூபாய்க்கு மேல் போகிற காலம் இது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுப் படிப்புக்கு ரூபாயில் கணக்குப் போடாமல் இறங்குவது ஆபத்து.

பல்கலைக்கழக மொழிப் பாடநெறிக்கு அரையாண்டுக் கட்டணம் நகரத்தைப் பொறுத்துச் சுமார் 8,000 முதல் 15,000 யுவான். பத்தாயிரம் என்று வைத்தால் நான்கு இலட்சம் ரூபாய்க்கு மேல். பதினேழு வாரம், வாரம் இருபது மணி என்றால் மொத்தம் 340 மணிநேரம். மணிக்கு முப்பது யுவானுக்குச் சற்றுக் குறைவு. தனிப் பள்ளியில் ஒருவருக்கு ஒருவர் பாடம் மணிக்கு நூறு யுவானை ஒட்டியோ தாண்டியோ போகும். அதே 340 மணிநேரத்தை அங்கே வாங்கினால் 34,000 யுவான். நம் காசில் பதினான்கு இலட்சம் அளவில். சாப்பாடு, தங்குமிடம் வேறு.

ஆனால் மணிக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்ப்பதும் சரியல்ல. வகுப்பில் இருபது பேரில் ஒருவராக இருக்கும் மணியும், தனியாக இருக்கும் மணியும் ஒன்றல்ல. ஏற்கெனவே மூன்றாம் நிலை கைவசம் உள்ளவருக்கு ஒருவருக்கு ஒருவர் பாடம் ஆறு வாரம் கிடைத்தால் அது அரையாண்டு வகுப்பில் கிடைக்கிற பேச்சுப் பழக்கத்தைத் தாண்டிவிடும். பூச்சியத்தில் இருப்பவருக்கு அதே ஆறு வாரம், நான்கு தொனியும் நூறு எழுத்தும் பழகுவதிலேயே போய்விடும். கொழும்பில் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கிறதைப் பெருங்காசு கொடுத்து வாங்கியதாகத்தான் முடியும்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் தராசு சாய்வதற்கு முக்கிய காரணம் புலமைப்பரிசில். சர்வதேச சீன மொழி ஆசிரியர் புலமைப்பரிசில் என்று ஒன்று உண்டு. முன்பு கன்பூசியஸ் நிறுவனப் புலமைப்பரிசில் என்று அழைத்தார்கள். ஓராண்டு, அரையாண்டு மொழிப் படிப்புக்கும் இது கிடைக்கும். கட்டணம் இல்லை, விடுதி இலவசம், காப்புறுதி உண்டு, மாதம் 2,500 யுவான் கைச்செலவு. வயது 16 முதல் 35 வரை. ஆனால் எச்.எஸ்.கே. பெறுபேறும் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். இது தவிர கல்வி அமைச்சு வழியாக விண்ணப்பிக்கும் சீன அரசாங்கப் புலமைப்பரிசில் இருக்கிறது. அதில் இளங்கலை மாணவருக்கு மாதம் 2,500 யுவான். பட்டப்படிப்பைச் சீன மொழிமூலம் படிக்கப் போகிறவருக்கு முதலில் மொழிக்கான ஆயத்த ஆண்டும் அதிலேயே அடங்கும். தனிப் பள்ளிக்குப் போகிறவருக்கு இந்த இரண்டில் எதுவும் இல்லை.

விசா என்கிற வாசல்

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பாடத்தைப் பார்க்குமுன் விசாவைப் பார்க்க வேண்டும். சீன மாணவர் விசா இரண்டு வகை. 180 நாளுக்கு மேற்பட்ட படிப்புக்கு எக்ஸ் 1. அதற்குட்பட்டதற்கு எக்ஸ் 2. எக்ஸ் 1 இல் போகிறவர் சீனாவில் இறங்கி 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். எக்ஸ் 1 விசா எடுக்க அனுமதிக் கடிதத்தோடு ஜே.டபிள்யூ. 201 அல்லது 202 என்ற படிவமும் வேண்டும். புலமைப்பரிசிலில் போகிறவருக்கு 201, சொந்தச் செலவில் போகிறவருக்குப் பொதுவாக 202. பல்கலைக்கழகம் இதைச் சர்வசாதாரணமாக அனுப்பும். தனிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அதிகாரம் இல்லை. நல்ல பள்ளிகள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து இதைச் சமாளிக்கின்றன, குயிலினின் சி.எல்.ஐ. குவாங்சி நோர்மல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடப்பது அப்படித்தான்.

மற்றப் பள்ளிகள் சொல்வது: “வியாபார விசாவில் வாங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்வோம்.” இந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். விசாவில் ஒரு நோக்கம், செய்வது வேறு என்றால் மாட்டுப்படுவது பள்ளியல்ல, பிள்ளை. விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை தண்டம் விதிக்கச் சீனச் சட்டத்தில் இடமுண்டு. தடுத்து வைக்கவும் இடமுண்டு. ஹோட்டலுக்கு வெளியே, ஒரு குடும்பத்தோடு தங்கினால்கூட 24 மணிநேரத்துக்குள் பொலிஸில் பதிய வேண்டும். மாணவர் விசாவில் அனுமதியின்றிப் பகுதிநேர வேலை செய்வதும் குற்றம். “படித்துக்கொண்டே உழைக்கலாம்” என்று சொல்லி அனுப்புகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

யாருக்கு எது?

முதலில், உயர்தரம் எழுதிய பிள்ளை. நம் நாட்டில் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, இசட் புள்ளி வெளியாகி, பல்கலைக்கழகக் கதவு திறக்க ஓராண்டும் அதற்கு மேலும் போகிறது. இந்த இடைவெளியில் மொழி ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் காத்திருக்கிற மாதங்களிலேயே கொழும்பில் இரண்டு நிலை முடித்துவிட்டு, அரையாண்டுப் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போவதுதான் புத்தி. உள்ளூர்ப் பல்கலைக்கழக அழைப்பு வந்தால் திரும்பலாம். வராவிட்டால் அங்கேயே பட்டப்படிப்புக்குத் தொடரலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வளாக விடுதியின் காவலும் ஒழுங்கும் பெற்றோருக்கு நிம்மதி. சைவச் சாப்பாடு என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பன்றி நெய் எல்லாவற்றிலும் இருக்கும் என்பது உண்மைதான். பல வளாகங்களில் முஸ்லிம் மாணவருக்கான உணவகம் தனியாக உண்டு. முட்டை, தோஃபு, கீரை, நூடில்ஸ் என்று அங்கே சமாளிக்கலாம்.

அடுத்து, மருத்துவ மாணவர். ஆங்கிலத்தில்தானே பாடம், சீனம் எதற்கு என்று போகிறார்கள். வகுப்பறை ஆங்கிலம்; வாட்டு முழுக்கச் சீனம். 2018 இல் சீனக் கல்வி அமைச்சு வெளியிட்ட தர விதிகளின்படி ஆங்கில மொழிமூல மாணவர்களும் பட்டம் பெறும்போது மூன்றாம் நிலைச் சீனமாவது தெரிந்திருக்க வேண்டும். பல மருத்துவக் கல்லூரிகள் உள்ளகப் பயிற்சிக்கு நான்காம் நிலையே கேட்கின்றன. திரும்பி வந்ததும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை வேறு காத்திருக்கிறது. இவர்களுக்குப் பல்கலைக்கழகமே சீனப் பாடமும் வைக்கும், அது போதாது. மூன்றாம் ஆண்டுக்கு முந்திய நீண்ட விடுமுறையில் நான்கைந்து வாரம் தனிப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி எடுப்பது கொடுத்த காசுக்குப் பலன் தரும். மாணவர் விசா ஏற்கெனவே கையில் இருப்பதால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

கடைசியாக, புறக்கோட்டைக்காரர். இவருக்குப் பட்டமும் வேண்டாம், வாசிப்புப் பாடமும் வேண்டாம். குவாங்சோவிலும் யிவூவிலும் மொத்தச் சந்தைக்குள் நடந்து விலை கேட்க, மாதிரி பார்க்க, கொள்கலன் எப்போது ஏறும் என்று கேட்க வாய் வேண்டும். ஓராண்டு கடையை விட்டு இருக்க முதலாளி விடமாட்டார். ஆறு, எட்டு வாரத் தீவிரப் பயிற்சி இவருக்குத்தான் பொருந்தும். 1957 இலிருந்து ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கும் குவாங்சோ வர்த்தகச் சந்தையை ஒட்டித் தேதி வைத்தால் படித்ததை அங்கேயே பயன்படுத்தலாம். ஒன்று மட்டும் கவனம்: குவாங்சோத் தெருவில் காதில் விழுவது பாதி கண்டோனியம். பொதுமொழியான மண்டரினை வேறு நகரில் படித்துவிட்டுச் சந்தைக்கு அங்கே போவது நல்லது.

நகரத் தேர்வு எல்லோருக்கும் பொது. வடகிழக்கில் ஹார்பின் உச்சரிப்புக்குப் பெயர் பெற்றது. குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. தெற்கே குன்மிங் ஏறத்தாழ நுவரெலியாவின் உயரத்தில் இருக்கிறது. சீதோஷ்ணம் நமக்கு ஒத்துப்போகும், செலவும் பெய்ஜிங், ஷாங்காயைவிடக் குறைவு.

தைவானையும் சிலர் கேட்கிறார்கள். பல்கலைக்கழக முத்திரையும் தனிப் பள்ளியின் தீவிரமும் சேர்ந்த இடங்கள் அங்கே உள்ளன. தைபேயில் தேசிய தைவான் பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் ஐ.சி.எல்.பி. வகுப்பில் நான்கு பேருக்கு மேல் எடுப்பதில்லை. 1956 இல் தொடங்கிய நோர்மல் பல்கலைக்கழக மண்டரின் நிலையமும் பேர் பெற்றது. ஆனால் கொழும்பில் தைவான் அலுவலகம் இல்லை, அங்கே கற்பது பழைய முழு எழுத்து, பரீட்சையும் வேறு. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு நல்லது. துறைமுக நகரத்தில் வேலை தேடுகிறவருக்குச் சுற்றுவழி.

முதல் படி இங்கேதான்

அமெரிக்க வெளியுறவுச் சேவையின் கணக்கில், ஆங்கிலம் பேசுகிற ஒருவர் தமிழ் கற்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணிநேரம். சீனத்துக்கு அதன் இரு மடங்கு: 88 வாரம், 2,200 மணிநேரம். இவ்வளவு நீளமான பயணத்தின் முதல் முந்நூறு மணிநேரத்தை யுவான் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 இலிருந்து கன்பூசியஸ் நிறுவனம் இருக்கிறது; கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. க.பொ.த. உயர்தரத்துக்கும் சீனம் ஒரு பாடம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு, யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாக்கை மடித்துச் சொல்லும் சீன ஒலிகளில் ஆங்கிலேயர் திணறுவார்கள். நமக்கு டகரமும் ணகரமும் பாலோடு வந்தவை. சீனத்தில் ரோமன் ‘ஆர்’ எழுத்தால் குறிக்கும் ஒலி நம் ழகரத்துக்குக் கிட்டத்து உறவு. “நான் நேற்று வாங்கிய புத்தகம்” என்று விவரத்தை முன்னால் வைத்துப் பொருளைக் கடைசியில் சொல்வது சீனத்திலும் அப்படியே. தடுமாறுகிற இடங்கள் தொனியும், மூச்சோடு சொல்லும் ப, த, க ஒலிகளும். ஆனால் கொழும்பு வகுப்புகளில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலப் பிள்ளை ஒரு மொழி வழியாக இன்னொரு மொழிக்குப் போய்ச் சுற்றி வருகிறது. பெய்ஜிங்கிலிருந்து 1963 இல் தொடங்கிய சீன வானொலித் தமிழ் ஒலிபரப்பில் கலையரசி, கலைமகள் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீன அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தங்கள் ஊரிலேயே அடிப்படையை உறுதியாகப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் நம் தமிழைப் பேச வந்தார்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

- எக்ஸ் 1 விசாவா, எக்ஸ் 2 விசாவா? ஜே.டபிள்யூ. படிவம் யார் பெயரில் வரும்?
- ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? என் நிலைக்கு ஆட்கள் சேராவிட்டால் என்ன செய்வீர்கள்?
- எழுத்துக்கு வாரம் எத்தனை மணி, பேச்சுக்கு எத்தனை மணி?
- முடிவில் எந்த எச்.எஸ்.கே. நிலை இலக்கு? பரீட்சைக் கட்டணம் சேர்ந்ததா?
- இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எழுத்தில் தாருங்கள். 2020 மார்ச்சில் வெளிநாட்டு மாணவருக்கு மூடிய சீன எல்லை 2022 ஆகஸ்டில்தான் திறந்தது என்பதை மறக்க வேண்டாம்.
- விண்ணப்பத்தை நானே இணையத்தில் போட முடியுமென்றால் ஏஜென்சிக் காசு எதற்கு?
- சான்றிதழ்களை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தவும், வங்கியில் மாணவர் கோவை திறந்து பணம் அனுப்பவும் எத்தனை வாரம் ஆகும்?

எங்கள் முடிவு

பூச்சியத்தில் விமானம் ஏறாதீர்கள். கொழும்பிலேயே இரண்டாம், மூன்றாம் நிலை வரை முடியுங்கள். பட்டமோ அரச வேலையோ மொழிபெயர்ப்போ நோக்கமென்றால் பல்கலைக்கழகம்தான், அதுவும் புலமைப்பரிசிலோடு. பேச்சு மட்டுமே நோக்கமாகவும் காலம் குறைவாகவும் இருந்தால் தனிப் பள்ளி. அதுவும் மாணவர் விசாவோடு. வசதி உள்ளவர் பல்கலைக்கழக ஆண்டின் குளிர்கால விடுமுறையில் ஒரு மாதம் தனிப் பாடம் எடுத்தால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையில் 1942 இலிருந்து கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் பெயர் பெற்ற தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் தமிழ் வழியாகச் சீனத்தின் முதல் இரண்டு நிலையைக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை இவற்றில் யாராவது தொடங்கினால், அதன் மாணவர்கள் புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்குத் தகுதியோடு போவார்கள். ஏஜென்சிக்கு இலட்சக்கணக்கில் கொட்டுகிற பெற்றோரின் காசும் மிஞ்சும்.